இருபது பந்துக்கு ஒரு டோக்கன்

நியூ ஜெர்சியில் மார்ச் மாதத்திலும் பனி கொட்டும். ஏப்ரலிலோ பிள்ளைகளின் லிட்டில் லீக் பேஸ்பால், சாஃப்ட்பால் ஆட்டங்கள் தொடங்கிவிடும். இந்த இடைவெளியை நம்பித்தான் ஒருவர் பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்து, செயற்கைப் புல் விரித்து, வலை கட்டி உட்கார்ந்திருக்கிறார். பேட்டிங் கேஜ் என்று பெயர். தமிழில் கூண்டு. மாட்டிக்கொள்வது யார் என்பது போகப் போகத் தெரியும்.

மூன்று வருடங்களில் நான்கு கூண்டு மாறியவன் என்ற தகுதியில் சொல்கிறேன். முதலில் பெற்றோர் உட்காரும் இடத்தைப் பாருங்கள். சோபா உண்டா, வைஃபை வருகிறதா, காபி மெஷினிலிருந்து வருவது காபிதானா. மட்டை பிடிப்பது மகளாக இருக்கலாம்; ஆபீஸ் மீட்டிங்கை மியூட்டில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரப்போவது நீங்கள்தானே.

அடுத்தது வேகம். ஒவ்வொரு கூண்டின் மேலும் 40, 50, 60, 70 என்று மைல் கணக்கு எழுதியிருக்கும். யோசிக்காமல் 70 இருக்கிற இடமாகப் பிடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை பாட்லக்கில் "எங்க பொண்ணு எழுபதுல அடிக்கிறா" என்றால் கிடைக்கிற மரியாதை நாற்பதுக்குக் கிடைக்காது. எத்தனை அடி தூரத்திலிருந்து என்று எவரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் வம்பு. பெரியவர்களின் பேஸ்பாலில் பந்து எறிபவர் நிற்பது 60 அடி 6 அங்குலத்தில். லிட்டில் லீக் பையன்களுக்கு 46 அடி. பத்து வயதுக்குட்பட்ட சிறுமிகளின் சாஃப்ட்பாலில் வெறும் 35 அடி. அந்த 35 அடியிலிருந்து 40 மைல் வேகத்தில் வருகிற பந்தும், பெரியவர்களின் தூரத்திலிருந்து ஏறத்தாழ 69 மைல் வேகத்தில் வருகிற பந்தும் அடிப்பவருக்குத் தருகிற அவகாசம் ஒன்றுதான். குழந்தை ஏற்கெனவே எழுபதில்தான் ஆடிக்கொண்டிருக்கிறாள். ஆனால் இதை பாட்லக்கில் விளக்குவதற்குள் பிரியாணி தீர்ந்துவிடும்.

மெஷினில் இரண்டு வகை. ஒன்றில் இரும்புக் கை ஒன்று சுற்றி வந்து பந்தை வீசும். கை மேலே எழும்புவதைப் பார்த்தே காலைத் தயார் செய்துகொள்ளலாம். இன்னொன்றில் சுழலும் சக்கரங்கள் பந்தைக் கவ்வித் துப்பும். சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடும். பந்துகள் மஞ்சளாக, கோல்ஃப் பந்து மாதிரி குழி குழியாக இருக்கும். எல்லாம் ஒரே வயதுப் பந்துகளாக இருந்தால் ஒரே இடத்துக்கு வரும். தேய்ந்ததும் புதியதும் கலந்திருந்தால் ஒன்று முழங்காலுக்கு, அடுத்தது காதுக்கு. ஆகவே வாளியில் கைவிட்டு, சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவது போல, பந்தைத் தடவிப் பார்க்க வேண்டும். ஆனால் கடைக்காரர் முறைப்பார். ஹாட் டாக் என்ன விலை என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இந்த மெஷினுக்கு எங்கள் ஊர்ப் பக்கத்தில்தான் ஒரு மூதாதை. 1897-இல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த சார்ல்ஸ் ஹின்டன், ஆட்டக்காரர்களின் பயிற்சிக்காக வெடிமருந்தால் பந்தைச் சுடும் துப்பாக்கி ஒன்று செய்தார். நான்காவது பரிமாணத்தைப் பற்றி எழுதியவர். டெசராக்ட் என்ற சொல்லே அவர் உண்டாக்கியது. மூன்று பரிமாணத்தில் நின்றவர்கள் சிலருக்கு அடிபட்டதாம்.

அந்தப் பட்டியலில் என்னையும் சேர்க்கலாம். கூண்டைத் தேர்ந்தெடுக்கும் முன் தகப்பன் ஒரு முறை ஆடிப் பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி. எல்லாப் பந்தும் ஃபுல்டாஸ்தானே, தெருவில் டென்னிஸ் பந்தில் எத்தனை பார்த்திருப்போம் என்று 70-க்குள் போனேன். டோக்கன் போட்டேன். மட்டையை ஹோம் பிளேட் என்கிற தட்டின் மேல் ஊன்றி, மிடில் ஸ்டம்ப் கார்டு எடுத்து, ஃபீல்டிங் எப்படி நிற்கிறது என்று சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தேன். மெஷினுக்கு அந்த நாகரிகமெல்லாம் தெரியாது. இரண்டு பந்து காதோரம் போனது. மூன்றாவதுக்குக் காலை முன்னால் போட்டு டிரைவ் ஆடப்போனேன், தொடையில் பட்டது. "அப்பா, இது கிரிக்கெட் இல்ல!" என்று வலைக்கு வெளியிலிருந்து சத்தம். ஒரு டோக்கனுக்கு இருபது பந்து. நடுவில் வெளியே வந்தால் மானம் போகும் என்பதால், மீதி பதினேழுக்கும் மூலையில் ஒதுங்கி நின்றேன்.

சாஃப்ட்பால் கூண்டில் நின்றிருந்தால் தப்பித்திருப்பேன் என்று நினைக்காதீர்கள். 1887-இல் சிகாகோவில் ஒரு படகு கிளப்பின் அறைக்குள், குத்துச்சண்டைக் கையுறையைப் பந்தாகச் சுருட்டிக் கட்டி, துடைப்பக் கட்டையால் அடித்து இந்த ஆட்டத்தைத் தொடங்கியபோது பந்து சாஃப்டாக இருந்திருக்கும். இன்றைய 12 அங்குலச் சுற்றளவுப் பந்து பேஸ்பாலைவிடக் கனம். 2004-இல் சாஃப்ட்பால் வீராங்கனை ஜென்னி ஃபின்ச் இந்தப் பந்தைக் கையைத் தாழ்த்தி வீசி, பேஸ்பால் நட்சத்திரம் ஆல்பர்ட் புஹோல்ஸையே மட்டையைக் காற்றில் சுழற்றவிட்டு அனுப்பினார். எனவே மகள் சாஃப்ட்பால் ஆடுகிறாள் என்றால், பேஸ்பால் மெஷினில் பெரிய பந்தைத் திணித்துச் சமாளிக்கிற இடத்துக்குப் போகாதீர்கள். இந்தக் கட்டுரையில் நான் விளையாட்டில்லாமல் சொல்வது இது ஒன்றுதான்.

கடைசியாக, ஜப்பானிய பேஸ்பால் வீரர் இச்சிரோவின் கதையைப் படிக்காதீர்கள். சிறுவன் இச்சிரோவை அவன் அப்பா நகோயா பக்கம் தொயோயாமாவில் இருந்த பேட்டிங் சென்டருக்கு ஓயாமல் கூட்டிப்போனார். இருந்த வேகம் போதாமல், உரிமையாளர் அவனுக்கென்றே மெஷினுக்கு வேறு ஸ்பிரிங் போட்டுக்கொடுத்தார். 2025-இல் இச்சிரோ, ஒருமனதான தேர்வுக்கு ஒரே ஒரு ஓட்டு குறைய, பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானார். இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. மறுநாள் காலை நூறு டோக்கன் மொத்தமாக வாங்கினேன். தள்ளுபடி வேறு.

ஆறு டோக்கன் தீர்ந்ததும் மகள் நீச்சலுக்கு மாறினாள். மீதி டோக்கனை வேறு கூண்டில் வாங்கமாட்டார்கள், விசாரித்துவிட்டேன். லாண்டிரி மெஷினும் துப்பிவிட்டது. காரில் காபி கப் வைக்கிற குழியில் கிடந்தவற்றில் ஒன்றை, கால் டாலர் என்று நினைத்து, போன வாரம் பிரிட்ஜ்வாட்டர் கோயில் உண்டியலில் போட்டுவிட்டேன். பெருமாள் கணக்கில் இருபது பந்து இருக்கிறது.