வாசலில் ஒரு வாளித் தண்ணீர்

என் தம்பியை அம்மா வயிற்றில் சுமந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். ஆம்பூரில், பாலாற்றை ஒட்டிய தெருவில் ஓட்டு வீடு. ஓர் அறை, ஒரு தாழ்வாரம். அப்பாவுக்கு டேனரியில் வேலை. அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே பீடி சுற்றுவார். அம்மா முழுகாமல் இருக்கிறார் என்று தெரிந்ததும் ஆயா வரிசையாகச் சட்டம் போட்டார். பாதிச் சட்டங்கள் சளிக்காகவே.

“தலைக்கு ஊத்திக்கினா தண்ணி கோத்துக்கும்” என்று எண்ணெய்க் குளியலை நிறுத்தினார். மோர் கூடாது, வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடவே கூடாது. பொழுது சாய்ந்தால் காதை மூடித் துணி கட்டிக்கொள்ள வேண்டும். தெருப்பக்கம் இருந்த ஒரே ஜன்னலைச் சாக்கால் அடைத்துவிட்டார். வேலூர்ப் பக்கத்துச் சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்று இங்கே வாழ்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெக்கையில், அடைத்த அறையில், சாம்பிராணிப் புகையும் புகையிலைத் தூளும் கலந்த காற்றில்தான் அம்மா படுத்திருந்தார். பக்கத்தில் மூக்கு ஒழுகும் நான். எனக்கு அடுத்து இருமும் சித்தப்பா. அம்மாவுக்குச் சளி வராத மாதம் இல்லை. வரும்போதெல்லாம், யாருக்கும் தெரியாமல் மோர் குடித்திருப்பார் என்ற பழியும் சேர்ந்தே வந்தது.

அந்த வீட்டில் சளியை உண்மையிலேயே தடுக்கக்கூடிய பழக்கம் ஒன்று இருந்தது. அதைச் சளியோடு யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அப்பா வேலை முடிந்து வரும் நேரத்துக்கு வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சவுக்காரக் கட்டியும் தயாராக இருக்கும். சுண்ணாம்பில் ஊறிய தோலின் நெடி லேசில் போகாது. முழங்கை வரை நுரைக்கத் தேய்ப்பார். விரலிடுக்கு, நகக்கண் என்று ஒவ்வொன்றாகத் தேய்ப்பார். முகம், கால் கழுவி, சட்டையைக் கழற்றி வெளியே போட்டுவிட்டுத்தான் வாசற்படி தாண்டுவார். நெடிக்காகச் செய்த காரியம் அது. ஆனால் டேனரியில் பத்துப் பேரோடு பழகிய கையில் ஒட்டி வந்த கிருமியும் அந்த நுரையோடு வாசலிலேயே போயிருக்கும். மற்றவர்களையும் அந்த வாளியில் கை கழுவச் சொல்லியிருந்தால் அம்மா எத்தனையோ இரவுகள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

சளி பெரும்பாலும் ரைனோ வைரஸ்களால் வருகிறது. அவற்றில் நூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒருவருடைய இருமலிலிருந்தும் தும்மலிலிருந்தும், அவர் மூக்கைத் தொட்ட கையிலிருந்தும் அடுத்தவருக்கு வருகின்றன. இதை ஆராய்வதற்கென்றே இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் 1946இல் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். தாமாக முன்வந்தவர்களைக் குளிப்பாட்டி, ஈரத்தோடு குளிர்ந்த காற்றில் நிற்க வைத்தும் பார்த்தார்கள். அப்படி நின்றதால் மட்டும் அவர்களுக்குச் சளி பிடித்துவிடவில்லை. வைரஸ் வர வேண்டுமென்றால் ஒரு மனிதர் வர வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரி தலைக்குக் குளித்ததிலும் மோர் குடித்ததிலும் குற்றமில்லை.

சாதாரணச் சளி கர்ப்பிணியைப் படுத்துமே தவிர, வயிற்றிலிருக்கும் குழந்தையை ஒன்றும் செய்வதில்லை. பயப்பட வேண்டியது இன்ஃபுளுயன்சாவுக்கு. கர்ப்ப காலத்தில் நோயெதிர்ப்பு சக்தி மாறுகிறது. இதயத்துக்கு வேலை கூடுகிறது. வளரும் கருப்பை நுரையீரலை மேல்நோக்கி நெருக்குகிறது. அதனால் அதே காய்ச்சல் கர்ப்பிணியை மற்றவர்களைவிட எளிதாகப் படுக்கையில் தள்ளி நிமோனியா வரை கொண்டுபோய்விடக்கூடும். 1918இல் பெரும் இன்ஃபுளுயன்சா இந்தியாவுக்குள் புகுந்து ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அந்தக் கொள்ளைநோயில் கர்ப்பிணிகள் மற்றவர்களைவிட அதிகமாகச் செத்தார்கள். 2009இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோதும் அவர்களுக்கே ஆபத்து கூடுதலாக இருந்தது. ஃப்ளூ தடுப்பூசியில் கர்ப்பிணிகளுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012இல் பரிந்துரைத்தது. கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போட்டுக்கொள்ளலாம். தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்பு சக்தி, பிறந்த குழந்தையையும் முதல் சில மாதங்கள் காக்கும். ஆறு மாதம் ஆகும்வரை குழந்தைக்கு அந்த ஊசி போட முடியாது என்பதால் தாய் போட்டுக்கொள்வதே அதற்கும் காப்பு.

இப்போது என் அண்ணன் மகளுக்கு ஏழாம் மாதம். ஷூ கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறாள். இரண்டு அறை வீடு, இரண்டிலும் ஜன்னல். மேட்டூர்ப் பக்கமிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் காவிரித் தண்ணீர் குழாயில் கிடைக்கிறது. அவள் தலைக்குக் குளிக்கிறாள், தயிர்சாதம் சாப்பிடுகிறாள், ஃப்ளூ ஊசியும் போட்டுக்கொண்டாள். நடுவில் வாரக்கணக்கில் மூக்கடைப்பு இருந்தது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. ஹார்மோன் மாற்றத்தால் மூக்கின் உள்சவ்வு வீங்குவதுதான் காரணம், பிரசவமானால் சரியாகிவிடும் என்றார் மருத்துவர். உப்புநீர்ச் சொட்டும், தலையணையைக் கொஞ்சம் உயர்த்திப் படுப்பதும் போதுமானதாக இருந்தன.

இத்தனை வசதி வந்தும் வாசலில் கை கழுவும் பழக்கம் போய்விட்டது. உள்ளே குழாய் இருக்கிறதே என்று எல்லோரும் நேராக உள்ளே வந்து, கைப்பேசி பிடித்த கையாலேயே சொம்பை எடுக்கிறோம். வளைகாப்பு அன்று தெருவே திரண்டு வந்து அவள் கன்னத்தைத் தொட்டு நலங்கு வைத்தது. இருமிக்கொண்டிருந்த ஒருவரைத் தள்ளி நிற்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அன்று இரவு அம்மாதான் பேத்தியின் கணவரைக் கூப்பிட்டுச் சொன்னார். “மாப்ளே, எங்க வூட்டுக்காரரு வாசல்லயே கை கால் கழுவிக்கினுதான் உள்ள வருவாரு. நீங்களும் சோப்பு போட்டுக் கழுவிக்கினு அப்பறம் அவகிட்ட வாங்க.” மறுநாளே வாசலில் சோப்பும் வாளியும் வந்துவிட்டன. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குச் சளி பிடித்தால் அது வேறு அறையில் படுக்கிறது. ஜன்னல்கள் திறந்தே இருக்கின்றன.

பழைய வைத்தியத்தில் நல்லதை விட வேண்டியதில்லை. மிளகு ரசமும் வெந்நீரும் தொண்டைக்கு இதம். நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பதும் இதம்தான். ஆனால் நிறைமாத வயிற்றோடு போர்வைக்குள் கொதிக்கும் பானையை வைத்துக்கொண்டு உட்கார்வது ஆபத்து, சாய்ந்தால் வெந்துவிடும். மெடிக்கலில் சொல்லி வாங்கும் ஜலதோஷ மாத்திரை வேண்டாம். இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரையைத் தானாக விழுங்கவே கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வண்டி இல்லாவிட்டால் 108 இருக்கிறது.

அண்ணன் மகளுக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பு உண்டு. 2017இல் சட்டம் திருத்தப்பட்டதால் வந்த உரிமை அது. அடுத்த வீட்டுப் பெண்ணும் கர்ப்பிணி. அவள் ஷூவின் மேல்பாகத்தை ஊசி கொண்டு கையாலேயே தைத்துக் கொடுப்பவள். ஜோடிக்குச் சில ரூபாய் கூலி. என் அம்மா பீடி சுற்றியது போல, ஒரே அறையில், வீட்டிலிருப்பவர்களின் இருமலுக்கு நடுவில் உட்கார்ந்து தைக்கிறாள். காய்ச்சல் வந்தாலும் மூட்டையை முடித்துக் கொடுத்தால்தான் காசு. அவளுக்குத் தேவை அறிவுரை அல்ல. ஓய்வும், ஓய்வு நாளுக்குக் கூலியும், இலவசத் தடுப்பூசியும். ஆயா காலத்தில் எல்லாக் கட்டுப்பாடும் கர்ப்பிணியின் தலையில் விழுந்தது. இனி அது சுற்றியிருப்பவர்கள் மேல் விழட்டும்: வீட்டார் கை கழுவட்டும், சளி பிடித்த உறவினர் இன்னொரு நாள் வரட்டும், அவள் தைத்த ஷூவை விற்பவர்கள் அவளுடைய பேறுகாலத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுக்கட்டும்.