வங்கிக்கு வாஸ்து பார்த்த மச்சான்

நான் காய்கறி வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து என் வீட்டு பீரோவை நகர்த்திவிட்டுப் போயிருக்கிறார் மச்சான். திரும்பி வந்து பார்த்தால், அது குபேர மூலையில் ஜன்னலில் பாதியை அடைத்துக்கொண்டு வடக்கே பார்த்து நிற்கிறது. ஃபேன் சுவிட்ச் அதன் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. இப்போது ஃபேன் போட வேண்டுமென்றால் என் மகளின் ஸ்கேலைத் தேட வேண்டும். போன் போட்டுக் கேட்டேன். "ஹாங்காங்லயே பாத்தோமே மாப்ள!" என்றார்.

ஹாங்காங்கில் நாங்கள் பார்த்தது எச்.எஸ்.பி.சி. வங்கிக் கட்டடம். நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்தது, 1985-ல் கட்டி முடித்தது. 'நாலு மால் பார்த்தது போதும், ஒரு நல்ல கட்டடம் பார்ப்போம்' என்று கூட்டிக்கொண்டு போனவன் நான்தான். அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தக் கட்டடம் தரையிலிருந்து அடுக்கி எழுப்பியது அல்ல. எட்டு எஃகுக் கம்பங்கள் நிற்கின்றன; மாடிகள் எல்லாம் அவற்றில், கொடியில் துணி தொங்குவதுபோலத் தொங்குகின்றன. ஏன் அப்படிக் கட்டினார்கள் என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் மச்சானை முடித்துவிடுகிறேன்.

நாங்கள் போனது ஞாயிற்றுக்கிழமை, வங்கி விடுமுறை. ஆனால் அதன் தரைத்தளம் சுவரே இல்லாத திறந்த வெளி. யாரும் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகலாம். தலைக்கு மேலே கண்ணாடிக் கூரை. அதன் வழியே அண்ணாந்து பார்த்தால் பத்து மாடி உயரத்துக்கு உள்ளே வெற்றிடம். அந்தக் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு இரண்டு எஸ்கலேட்டர்கள் மேலே போகின்றன. நேராகப் போகாமல் கோணலாகப் போகின்றன. "ஏன் கோணலா இருக்கு?" என்றார் மச்சான். பேசாமல் இருந்திருக்கலாம், பக்கத்தில் கொடி பிடித்துக்கொண்டு நின்ற கைடு ஒருவர் முந்திக்கொண்டார். ஃபெங் சுய் பார்த்து வைத்த கோணமாம். பொல்லாத சக்தி நேர்கோட்டில்தான் வருமாம்.

அவ்வளவுதான். மச்சான் போனை எடுத்துத் திசைகாட்டியைத் திறந்தார்.

வடக்கே துறைமுகம். தெற்கே மலை. "வடக்க தண்ணி, தெக்க மலை! மாப்ள, இது ஃபெங் சுய் இல்ல, அப்படியே நம்ம வாஸ்து!" என்றார். துறைமுகமும் மலையும் ஃபாஸ்டரைக் கேட்டு வந்தவை அல்ல என்றேன். காதில் விழவில்லை. வங்கி 1865-லிருந்து இதே இடத்தில் இருக்கிறது என்று வாய் தவறிச் சொன்னேன். "மனை ராசி!" என்றார்.

பிறகு நடுப்பகுதிக்கு வந்தார். லிஃப்ட், கழிப்பறை எல்லாவற்றையும் நடுவில் அடைப்பதுதான் உயரக் கட்டடங்களின் வழக்கம். ஃபாஸ்டர் அவற்றை ஓரங்களுக்குத் தள்ளினார். கழிப்பறைகளை ஜப்பானில் முழுசாகச் செய்து கப்பலில் கொண்டுவந்து மாட்டினார்கள். நடுவில் வெளிச்சம் வரட்டும் என்றுதான் இத்தனையும். சூரியனைத் தொடர்ந்து திரும்புகிற கண்ணாடிகளை வெளியே வைத்து, வெயிலைப் பிடித்து உள்ளே இறக்கியிருக்கிறார்கள். இவ்வளவையும் நான் விளக்கினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதாவது பிரம்மஸ்தானத்தைக் காலியா விட்டிருக்கான்" என்றார் மச்சான்.

காலியாக ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இடம் பிலிப்பைன்ஸ் பணிப்பெண்களுடையது. வாரத்தில் அவர்களுக்கு அந்த ஒரு நாள்தான் ஓய்வு. அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து, சாப்பிட்டுக்கொண்டும் சீட்டாடிக்கொண்டும் ஊரோடு வீடியோவில் பேசிக்கொண்டும் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவே போனை வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு மச்சான் மெல்லச் சுற்றி வந்தார். உட்கார இடம் தேடுகிறார் என்று நினைத்து ஒரு பெண் நகர்ந்து அட்டையில் இடம் விட்டார்.

வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள், 1935-ல் வார்த்தவை. வாயைத் திறந்திருப்பது ஸ்டீஃபன், மூடியிருப்பது ஸ்டிட். இரண்டும் வங்கியின் பழைய மேலாளர்கள் பெயர். போரில் குண்டுச் சிதறல் பட்டு, ஜப்பானுக்குத் தூக்கிச் செல்லப்பட்டு, உருகாமல் தப்பித் திரும்பி வந்த சிங்கங்கள். தழும்புகள் இன்னும் இருக்கின்றன. நான் தழும்பைக் காட்டினேன். மச்சான் பாதத்தைத் தடவினார். தடவினால் பணம் வருமாம். என் மனைவி கைப்பையைத் திறந்து, பர்ஸை எடுத்து, பர்ஸாலேயே தடவினாள்.

எனக்கு இந்த வாஸ்து எல்லாம் துளியும் நம்பிக்கை கிடையாது. வடக்கே தலைவைத்துப் படுக்க மாட்டேன்; அது காந்தப்புலம், விஞ்ஞானம். மற்றபடி கிடையாது.

கடைசியில் ஒரு பிடி கிடைத்தது. "மச்சான், இவ்வளவு லட்சணமான கட்டடம். 520 கோடி ஹாங்காங் டாலர் செலவு. அப்படியும் 1993-ல் குழுமத் தலைமையகத்தை லண்டனுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்களே, ஏன்?" என்று கேட்டேன். ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

மச்சான் போனைப் பார்த்தார். "லண்டன் இங்கேருந்து எந்தப் பக்கம்?"

"வடமேற்கு."

"வாயு மூலை. அங்க இழுத்தா யாரா இருந்தாலும் கிளம்பித்தான் ஆகணும். பொண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போனா அந்த அறையில படுக்க வைப்பாங்க, தெரியாதா?"

போதாததற்கு, 1990-ல் கட்டி முடித்த சீன வங்கியின் கோபுரம் பக்கத்திலேயே இருக்கிறது. ஐ.எம்.பெய் கட்டியது. முழுக்க முக்கோணம், கத்தி முனை மாதிரி விளிம்புகள். அந்த முனைகள் அக்கம்பக்கத்தாருக்கு ஆகாது என்று ஊரெல்லாம் பேச்சாம். நம் தெருக்குத்து சமாசாரம்தான். நாம் பிள்ளையார் வைப்போம். இவர்கள் பீரங்கி வைத்திருக்கிறார்கள் என்றார் அதே கைடு. எச்.எஸ்.பி.சி.யின் உச்சியில் பராமரிப்புக்கான கிரேன்கள் இருக்கின்றன. பார்வைக்குப் பீரங்கி மாதிரியே இருக்கும். அவற்றின் வாய் சீன வங்கியைப் பார்த்து இருக்கிறதாம்.

"அது கிரேன், மச்சான். ஜன்னல் துடைக்கிற கிரேன்."

"எந்தத் திசையில நீட்டிட்டு இருக்கு?"

நான் பதில் சொல்லவில்லை. அவரே பார்த்துக்கொண்டார். கிழக்கு, கொஞ்சம் தெற்கே சாய்ந்த கிழக்கு.

"பீரங்கின்னா நெருப்புதானே மாப்ள? அக்கினி மூலையில வச்சிருக்கான். உங்க வீட்டு கேஸ் அடுப்பைத்தான் நான் அஞ்சு வருஷமா சொல்லிட்டு இருக்கேன்."