பத்தாயத்தில் பதிவேடு

தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நீண்ட கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜன் கோயில் பணிக்காகக் கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல். ஒவ்வொருவரின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெரு, எந்தச் சிறகு, அதில் எத்தனையாவது வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று எல்லாவற்றையும் உளியால் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகும்போதெல்லாம் அந்தச் சுவர் பக்கம் நிறுத்தி இதைப் பெருமை பொங்கச் சொல்வேன். சொல்லி முடித்ததும் வேனில் ஏற்றப் பிள்ளைகளை எண்ண வேண்டும். பெயர்ப் பட்டியல் வீட்டில் இருக்கும்.

வீட்டில் என்றால், பத்தாயத்தில்.

எங்கள் வீடு வெண்ணாற்றங்கரையில். கூடத்து மூலையில் தாத்தா காலத்துப் பத்தாயம் நிற்கிறது. ஆள் உயரத்துக்கும் மேலே போகிற மரப்பெட்டி. ஏணி வைத்து ஏறி மேல்மூடி வழியாக நெல்லைக் கொட்டுவார்கள். அடியில் சின்னதாக ஒரு வாய். அடைப்பை நீக்கினால் வேண்டிய நெல் தானாகக் கொட்டும். இப்போது நெல் வீட்டுக்கே வருவதில்லை. அறுவடை மிஷினிலிருந்து டிராக்டரில் ஏறி நேரே கொள்முதல் நிலையம் போய்விடுகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிடுமோ என்ற கவலை மட்டும்தான் வீடு வந்து சேர்கிறது. காலிப் பத்தாயத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குள் தூங்கிய நிர்வாகி எழுந்து உட்கார்ந்துகொண்டான். மேலே புதுக் காகிதத்தைப் போட்டால் பழசு தானே கீழே இறங்கும், வேண்டியதை அடிவாயில் உருவிக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டேன். நெல் சரியும், காகிதம் சரியாது. நான் பள்ளியில் அறிவியலும் எடுக்கிறேன் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பதிவேடு பள்ளியில்தானே இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். இருக்க வேண்டியவை இருக்கின்றன. மற்றவை திருத்தவும் ஒட்டவும் கோடு போடவும் ஒயர் கூடையில் வீட்டுக்கு வரும். வந்தவற்றுக்குத் திரும்பிப் போக மனம் வராது.

கீழடிக் குழி மாதிரி இப்போது அதில் காலம் காலமாக அடுக்குகள். அடியில் 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல் அட்டைகள். அதன்மேல் 2012இல் வந்த முப்பருவ முறை: வளரறி (அ), வளரறி (ஆ), 40 மதிப்பெண், தொகுத்தறி 60 என்று கோடு போட்ட தாள்கள். இந்த அடுக்கில்தான் எலிகள் குடியிருக்கின்றன. நெல் தின்று வளர்ந்த பரம்பரை, இப்போது வளரறித் தாளைத் தின்று வளர்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே 2022இன் எண்ணும் எழுத்தும். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துவிட்டேன். கட்டுகளைப் பிரிக்கத்தான் முடியவில்லை. வருகைப்பதிவு செயலிக்குப் போன பிறகு காகிதம் குறையும் என்று நம்பினேன். செயலியில் போட்டதை ஒரு தாளிலும் எழுதிவைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

போன கார்த்திகையில் மழை விடுமுறை விட்டார்கள். கலெக்டரின் அறிவிப்பு டிவியில் ஓடி முடிவதற்குள் பத்தாயத்தைக் கவிழ்க்காத குறையாக எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பிவிட்டேன். இன்றைக்கு அடுக்காவிட்டால் என்றைக்கு? பத்தே நிமிடத்தில் ஓடு ஒழுக ஆரம்பித்தது. மனைவி வந்து பார்த்துவிட்டு, ‘மலர்’ கட்டின்மேல் ஒரு குண்டானை வைத்தாள். பிறகு பஜ்ஜி வந்தது. எண்ணெய் ஒற்றக் கையில் கிடைத்த தாளை எடுத்தேன். அது நான் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்த இருப்புப் பட்டியல்.

“என்னங்க, இந்தப் போகிக்காவது இதையெல்லாம் கொளுத்திடலாமா?”

“தணிக்கைக்கு யாராவது வந்து கேட்டா?”

“யாரு, எலியா?”

அவளுக்குக் கோப்பு கிடையாது, வண்ண லேபிள் கிடையாது. ஆனால் ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், என் சர்வீஸ் ரிஜிஸ்டர் நகல், மாமியாரின் மூக்குக்கண்ணாடி என எது கேட்டாலும் அடுப்படியிலிருந்து திரும்பாமலே இடம் சொல்வாள். பாடக்குறிப்பு நோட்டை மட்டும் அவள் என்னிடமிருந்து பறித்து அரிசி டிரம்மில் போட்டுவிட்டாள். “இந்த வீட்ல தினம் தவறாம திறக்கிறது இது ஒண்ணுதான். எடுத்துக் குடுத்துடுவேன்.”

நோட்டு அன்றிலிருந்து தொலையவே இல்லை. வேப்பிலை வாசனையோடு காலையில் கைக்கு வந்துவிடும்.

ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் பார்வைக்கு ஓர் அதிகாரி வந்தார். பாடக்குறிப்பு கேட்டார். நான் ஒரு நொடியில் எடுத்து நீட்டியதில் தலைமையாசிரியருக்கே மூச்சு நின்றது. அதிகாரி நோட்டைப் பிரித்தார். மேஜைமேல் பொலபொலவென்று அரிசி கொட்டியது. அவர் ஒரு மணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு பல்லில் கடித்தார். மன்னார்குடிப் பக்கம் நிலம் உள்ளவராம்.

“என்ன ரகம் சார்? ஏ.டி.டி. 43ஆ, 45ஆ?”

ஆடுதுறையில் 1922இலிருந்து நெல் ஆராய்ச்சி நடக்கிறது. வெளியிட்ட ரகத்துக்கெல்லாம் ஒழுங்காக எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். பத்தாயம் வைத்த வீட்டுப் பேரன் நான். “சாப்பாட்டு அரிசிங்க சார்” என்றேன்.

அவர் முகம் வாடிப்போனது. கற்றல் விளைவுகள் பற்றி என்னிடம் கேட்க நினைத்ததையும் கேட்காமல் விட்டுவிட்டார். வேறு வழியில்லாமல் மனைவிக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். எந்த மில், பழைய அரிசியா புது அரிசியா, சிப்பம் என்ன விலை, குழையுமா என்று இருவரும் வெகுநேரம் பேசினார்கள். போனைக் காதில் வைத்தபடியே அவர் பேனாவைத் திறந்து, திறந்திருந்த பக்கத்தில் ‘பார்வையிடப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அது போன வருடத்துப் பாடம்.