காய்தல் உவத்தல்: தூண்டில் தடிப் பிசின் குறித்து ஓர் ஆராய்ச்சி

நூலோர் முதலில் நூற்பயன் கூறுவர். தென் ஒன்ராறியோவின் ஆறுகளில் ட்ரவுட் மீனுக்கு ஏப்ரல் மாதத்து நான்காம் சனிக்கிழமை பருவம் திறக்கிறது. நான் கட்டிய தடி அதற்கு முந்திய வெள்ளி இரவும் பிசுபிசுக்கிறது. இதைவிட அவசரமான நோக்கத்தோடு முனைவர் பட்டம் வாங்கியவரை நான் கண்டதில்லை.

இனி நுவல்பொருள். தூண்டில் தடி கட்டுவோர் வளையங்களைத் தடியோடு சேர்த்து நூலால் சுற்றி இறுக்கி, அந்த நூலின்மேல் எபொக்சி பூசுவர். பிசின் ஒரு பங்கு, கடினமாக்கி ஒரு பங்கு. சிரிஞ்சால் அளந்து கலக்க வேண்டும். நூலைக் காப்பது பூச்சு. ஆகவே பூச்சை 'உரை' எனலாம். உரை தடித்தால் நடுவில் தொப்பை விழும், அடியில் நூல் தெரியாது. பல்கலைக்கழக நூலகங்களில் இதற்கு ஏராளமான சான்றுகள் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன.

குப்பியின் மேல் உள்ள மூலச் சூத்திரம் ஒன்றே: 24 மணி நேரம் காய விடுக. உரையெழுதப் புகுந்தால் 'காய' என்ற இடத்திலேயே கால் வழுக்குகிறது. துணி காய்வது நீர் ஆவியாவதால். எபொக்சியிலோ ஆவியாகிப் போக ஏறக்குறைய ஒன்றுமில்லை; பிசின் மூலக்கூறுகளும் கடினமாக்கியின் அமீன் மூலக்கூறுகளும் கைகோத்து வலையாகின்றன. அது காய்வதில்லை, இறுகுகிறது. ஆயினும் தமிழ் விடுமா? வெயில் காய்கிறது, நிலவு காய்கிறது, காய்ச்சல் காய்கிறது. பழுக்காததும் காய், உலர்ந்ததும் காய்ந்தது. சினத்தலும் காய்தலே, என் மனைவி மூன்று வாரமாக அந்தப் பொருளில் காய்கிறார் (சான்று: சமையலறை நாட்காட்டி, மார்ச் மாதத் தாள், பால் கணக்குக்குக் கீழே). ஆராய்ச்சியாளன் காய்தல் உவத்தல் இன்றி ஆராய வேண்டும் என்பது சான்றோர் விதி. தடிகட்டியால் அது முடியாது. அவனுக்குக் காய்தலே உவத்தல்.

ஒற்றைச் சொல்லின் வேரைப் பிடித்து ஒரு சங்கப் புலவரை ஐந்நூறு ஆண்டு முன்னுக்கு இழுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்பது பன்னிரண்டு மணி நேரம்தான்.

விரைவுபடுத்துவோருள் முதலாவது கட்சி, கடினமாக்கியைக் கூடுதலாக ஊற்றுவோர். இணை கிடைக்காத அமீன் அப்படியே எஞ்சும். இவர்களின் தடிகள் இன்றும் ஒட்டுகின்றன.

இரண்டாவது, மோட்டார்க் கட்சி. தடியை மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் பிசின் ஒரு பக்கமாக வழியாமல் காக்கும், விரைவுபடுத்தாது. இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை, சொன்னவர்கள் உண்டு.

மூன்றாவது, வெப்பக் கட்சி. வெப்பநிலைக்கும் வேதிவினை வேகத்துக்கும் உள்ள உறவை 1889இல் சமன்பாடாக்கியவர் சுவீடனின் ஸ்வாந்தே அரேனியஸ். அப்போது அவர் மனத்தில் ஸ்கார்பரோவில் உள்ள என் நிலவறை இருந்திருக்க நியாயமில்லை. அந்தச் சமன்பாட்டின் கைக்கணக்கு இது: வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். 24 பாகையில் 24 மணி நேரம் என்றால், 14 பாகையில் உறையும் என் நிலவறையில் 48. 34 பாகையில் 12. ஆக, பிசினுக்கு வேண்டியது ஆராய்ச்சி அல்ல, அடுப்பங்கரை.

வெப்பக் கட்சி உடனே மூன்றாக உடைந்தது. ஹேர் டிரையர் மரபினர் சூட்டோடு காற்றையும் அடித்து, உரையின்மேல் அலையையும் தூசியையும் இடைச்செருகலாகச் சேர்த்தனர். பல்ப் மரபினர் அட்டைப்பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டனர். நல்ல மரபு, ஆனால் 2014இல் கனடா குண்டு பல்புகளை விலக்கத் தொடங்கியது. அதன்பின் வந்த உரையாசிரியர் ஒருவர் பெட்டிக்குள் எல்இடி விளக்கை வைத்துக் காத்திருந்தார். மூலபாடத்தை நன்கு பார்க்க முடிந்தது என்கிறார் (மச்சான், தொலைபேசி உரை, இரண்டாம் அழைப்பு, முதல் அழைப்பில் கோபித்து வைத்துவிட்டார்). ஃபர்னஸ் மரபினர் தடியை வீட்டுச் சூடேற்றியின் அருகே நிறுத்தினர். நான் இம்மரபினன். பிசின் இளகிக் குமிழிகள் மேலே வந்து உடைந்தன. இளகியதால் வழியவும் செய்தது. மோட்டார்க் கட்சியின் நகைப்பு படிக்கட்டு வழியாகக் கேட்டது (அதே மச்சான், நேரில், தேநீர் கேட்டபோது, மறுபதிப்பு, அவர் மனைவி வாயிலாக என் மனைவியிடம், மசாலா சேர்த்து).

இவை யாவும் துணைச் சிக்கல்கள். தலையாய சிக்கல், தொட்டுப் பார்த்தல். தொடுவோர் நால்வகையர். விளிம்பில் தொடுவோர், முகர்ந்துவிட்டுத் தொடுவோர், கலக்கிய கிண்ணத்தில் மிஞ்சியதைத் தொட்டுத் தடியை விட்டுவைப்போர் (இவர்கள் ஞானியர், எண்ணிக்கையில் அரியர்), நடு உரையில் கட்டைவிரலை அழுத்திவிட்டு 'இன்னும் இல்லை' என்று அறிவிப்போர். நான்காம் வகையினர் தாம் ஆய்ந்த பொருளிலேயே தம் பெயரைப் பொறித்துச் செல்வதால் ஆராய்ச்சியுலகில் இவர்களுக்கே மதிப்பு. என் கணக்கில், காத்திருந்தது 30 மணி நேரம், தொட்டது 19 முறை, ரேகையை மழித்து மறுபடி பூசிக் காத்திருந்தது இன்னொரு 30. ஆகவே பிசினை விரைவுபடுத்தும் வழி, கைகளை வேறு ஊருக்கு அனுப்புவது.

இம்முடிவை எழுதிக்கொண்டிருக்கையில் ஒரு பாடபேதம் தென்பட்டது. கைப்பிடியிலிருந்து மூன்றாம் வளையத்தில், நேற்றுப் பூசிய நூல்மேல், ஒரு ரேகை. என் கட்டைவிரலைவிடச் சிறியது. ஓரத்தில் மஞ்சள் கறை. ஒப்பாய்வுக்காக மேலே போய் விசாரித்தேன்.

"இஞ்சேருங்கோ, காய்ஞ்சிட்டோ எண்டு ஒருக்காத் தொட்டுப் பாத்தனான்," என்றார். "இன்னும் இல்லை."