வட்டவிதானை இல்லாத வாய்க்கால்

என்ர பாக்குவெட்டியைக் காணேல்லை எண்டு ரெண்டு நாளாத் தேடுறன். அது உன்ர மேசையில கிடக்குது, பக்கத்தில கோடு வாசிக்கிற ஸ்கானரின்ர யூஎஸ்பி வயர் ரெண்டு துண்டாக் கிடக்குது. எட மோனை, பாக்குவெட்டி பாக்கு வெட்டத்தான் எண்டு கொம்மா சொல்லித் தரேல்லையோ?

சரி, வெட்டினது வெட்டினதுதான். உள்ளுக்கு நாலு நிறம்: சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை. சிவப்பையும் கறுப்பையும் ஆர்டுயினோ ஊனோ எண்ட போட்டின்ர 5 வோல்ற்றிலயும் கிறவுண்டிலயும் கொழுவினாய். ஸ்கானர் 'கீ' எண்டுது, சிவப்பு லைற்றும் பத்திச்சுது. "அப்பு, வேலை செய்யுது!" எண்டு முத்தம் முழுக்கத் துள்ளினாய். கரண்ட் குடுத்தாக் கத்தும்தானே. கண்டுக்குட்டியும்தான் கத்துது, அதுக்காகச் செம்பில பால் வந்திட்டுதோ? பச்சையையும் வெள்ளையையும் 0, 1 எண்ட கால்களில செருகிப்போட்டு ரெண்டு நாளாத் திரையைப் பாத்துக்கொண்டு குந்தியிருக்கிறாய். சோறும் ஆறிப் போச்சு.

எனக்கென்ன தெரியும், நான் பூவரசங்குளத்தில மாடு மேய்ச்ச ஆள். ஆனா குளத்து வழக்கம் தெரியும். துருசு திறக்கிறதெண்டா தண்ணிக்குப் பொறுப்பான வட்டவிதானையார் சொல்லவேணும். அவர் சொல்லாமல் வாய்க்காலை வெட்டினா வழக்குத்தான். யூஎஸ்பியும் அப்பிடித்தான் மோனை. அதில ஹோஸ்ற் எண்டவர்தான் விதானையார். "உன்னட்டை என்ன கிடக்கு?" எண்டு அவர் திரும்பத் திரும்பக் கேப்பார், கேட்டால்தான் மற்றவை வாய் திறப்பினம். உன்ர ஸ்கானர் கேள்விக்குக் காத்துக்கொண்டிருக்கிற ஆள். ஊனோவும் அதேதான். அந்தச் சதுரச் சொக்கெற் கொம்பியூட்டருக்குப் பதில் சொல்ல வைச்சது. போட்டில கிடக்கிற ஏற்மெகா 328பீ எண்ட சிப்புக்கு யூஎஸ்பிப் பேச்சே வராது. ரெண்டு மாப்பிள்ளையை மணவறையில இருத்திப்போட்டுப் பொம்பிளையைத் தேடுறாய்.

விதானையார் விலைக்கு வருவார். யூஎஸ்பி ஹோஸ்ற் ஷீல்ட் எண்டு கேள். மேக்ஸ் 3421ஈ எண்ட சிப் அதில இருக்கும். ஊனோவுக்கு மேல ஏறிக் குந்திக்கொண்டு 9 தொட்டு 13 மட்டும் அஞ்சு காலையும் பிடிச்சுக்கொள்ளும். பதவிக்கு வந்தவர் கதிரை பிடிக்கிறது எங்களுக்குப் புதுசே? வெட்டின வயரை நிறத்துக்கு நிறம் ஈயம் வைச்சு ஒட்டி ஷீல்டில கொழுவு.

அதோட ஆட்டம் முடியாது. ஸ்கானர் தன்னைக் கீபோட் எண்டு சொல்லிக்கொண்டுதான் வரும். விசுக்கோத்துப் பெட்டியைக் காட்டினா 479 எண்டு துவங்கவேணும். (அது நம்பரை இலங்கையில பதிஞ்ச அடையாளம், விசுக்கோத்து இஞ்சைதான் சுட்டதெண்டு சத்தியம் இல்லை.) ஆனா உனக்கு வரப்போறது 33, 36, 38. உடனே "ஸ்கானர் பழுது" எண்டு வவுனியாவுக்கு பஸ் ஏறாதை, ஒட்டின வயரைக் கண்டாக் கடைக்காரன் சிரிப்பான். அது எழுத்துச் சொல்லாது, எந்தக் கட்டையை அமத்தினது எண்டுதான் சொல்லும். 1 எண்டா 30, 9 எண்டா 38, பூச்சியத்துக்கு 39. அனேகமாக் கடைசியில 40 வரும், அது என்ரர். ஹோஸ்ற் ஷீல்ட் நிரல்தொகுப்பிலயே மாத்திற வழி கிடக்கு. பொறுமையா வாசி.

இந்தக் கோட்டு வித்தையும் ஒண்டும் பெரிசில்லை. நாங்கள் மாட்டுக்குக் குறி சுட்டம். அமெரிக்காவில வூட்லன்ட் எண்ட ஒருத்தர் 1949 இல மயாமிக் கடற்கரை மணலில விரலால கோடிழுத்துப் பாத்தார். மோர்ஸ் புள்ளியையும் கோட்டையும் கீழ நீட்டிவிட்ட மாதிரி. காப்புரிமை 1952 இல. இப்பத்தைய கடைக் கோட்டை முதல் வாசிச்சது 1974 இல, ஒஹாயோவில, ஒரு சுவிங்கம் பக்கெற்றை. இருபத்தஞ்சு வருசம் பொறுத்திருக்கினம். நீ ரெண்டு நாள்கூடப் பொறுக்காமல் வயரை வெட்டிப்போட்டாய்.

முதலே என்னட்டைக் கேட்டிருந்தா, டீடீஎல் சீரியல் பேசிற ஸ்கானரை வாங்கச் சொல்லியிருப்பன். அதுக்கு விதானையார் தேவையில்லை. நீ பச்சையைச் செருகின அந்த 0 காலே போதும். கிழவனிட்டைக் கேட்டா மதிப்புக் குறைஞ்சிடுமே!

அது கிடக்கட்டும். கொம்மான்ர கடைச் சாமானுக்கெல்லாம் கோடு கிடக்கு. அவரின்ர கடன் கொப்பிக்கு என்ன கோடு ஒட்டப்போறாய்? அதில என்ர பேரும் கிடக்கு, அதைமட்டும் ஸ்கான் பண்ணாதை.

இப்ப பாக்குவெட்டியைத் தா. செம்புக்கம்பி ஒட்டிக் கிடந்தாத் துடைச்சுத் தா.