ராத்திரியே முடிச்சிடுவோம்

புதுச்சேரி முதலியார்பேட்டையில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். ஏ.எஃப்.டி. மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். 1898-இல் தொடங்கிய மில்லை 2020-இல் மூடிவிட்டார்கள். இவர் வாயை மூடத்தான் ஆளில்லை. ஷிஃப்ட் இப்போது அடுக்களையில் நடக்கிறது.

தீபாவளிக்கு முதல் நாள் பிறக்கும் உத்தரவு: "எல்லாத்தையும் ராத்திரியே முடிச்சிட்டா, காலையில நிம்மதியா உக்காந்து சாப்புடலாம்." முடிக்க வேண்டியவர்கள் பெண்கள். உட்காரப் போகிறவர் அவர்.

நாலு ஆழாக்கு அரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து. கிரைண்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தறியில் இழை அறுந்ததைப் பார்ப்பது போல மாவைப் பார்ப்பார். ஐப்பசி அடைமழையில் மாவு லேசில் புளிக்காது என்பது வாஸ்தவம்தான். அதனால் உப்புப் போட்டுக் கரைப்பதிலும் ஆள் மாற்றம் உண்டு.

"ஏம்மா, உன் கை குளுந்த கை. அத்தையைக் கூப்புடு. அவ கை பட்டா சீக்கிரம் பொங்கும்" என்பார் மருமகளிடம்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்னைப் பத்தி நல்லதா சொன்னது இது ஒண்ணுதான்" என்று முனகிக்கொண்டே அம்மாள் கரைப்பார்.

அடுத்தது இட்லிக்குக் கறிக்குழம்பு. ராத்திரி வைத்த குழம்பு காலையில் இன்னும் ருசிக்கும் என்று அவர் சொல்வதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் காலைவரை அது இருக்க வேண்டுமே! பதினோரு மணிக்கு உப்புப் பார்ப்பார், பன்னிரண்டுக்குக் காரம் பார்ப்பார், ஒரு மணிக்குக் கறி வெந்ததா என்று நல்லி எலும்பைத் தட்டிப் பார்ப்பார். விடியும்போது சட்டியில் மிச்சமிருப்பது உருளைக்கிழங்கு.

வடைக்கும் இப்போதே அரைத்துவிடலாம் என்று அவர் ஆரம்பிக்கும்போதுதான் வேலைநிறுத்தம்.

"உளுந்த மாவு ராவெல்லாம் கெடந்தா நீத்துப்போவும், எண்ணெயா குடிக்கும். தேங்காச் சட்னியும் காலையிலதான். மில்லுல எட்டு மணி நேர வேலைன்னு கொடி புடிச்சீங்களே, எனக்கு எப்ப சங்கு ஊதும்?"

அந்த எட்டு மணி நேரத்துக்காக 1936-இல் மில்காரர்கள் உயிரைக் கொடுத்துப் போராடிய ஊர் இது. மேஸ்திரியால் பதில் பேச முடியாது. அந்தக் காலத்து மில் வீடுகளில் ராத்திரியே தயாராகும் காலை ஆகாரம் ஒன்று இருக்கத்தான் செய்தது: மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவிட்டுப் படுப்பார்கள். மேற்பார்வைக்கு ஆள் தேவைப்பட்டதில்லை.

எல்லாரும் படுத்த பிறகு இவர் மட்டும் மாவுப் பானையைத் தூக்கிக்கொண்டு சூடான இடம் தேடுவார். போன தீபாவளிக்கு ஒரு மேஸ்திரி தேர்ந்தெடுத்த இடம், டி.வி.க்கு அடியில் வெதுவெதுவென்று இருந்த செட்டாப் பாக்ஸ். பானைக்குத் தன் மப்ளரையும் சுற்றிவிட்டார்.

காலையில் எண்ணெய் வழியும் தலையோடு பேரன் ரிமோட்டை அமுக்கு அமுக்கென்று அமுக்கினான். திரையில் ஒன்றும் வரவில்லை. சாலமன் பாப்பையா பட்டிமன்றம் போயிற்றே என்று வீடே அலறியது. பெட்டியின் ஓட்டையெல்லாம் மாவு இறங்கியிருந்தது. மேஸ்திரி குனிந்து, விரலால் தொட்டு, மோந்து பார்த்தார்.

"பாத்தியா, எப்படிப் பொங்கியிருக்கு!"