காட்டுக்குப் பேரு வைக்கப் போற மருமவனுக்கு

ஏலே மருமவனே, காட்டு வகைக்கெல்லாம் தமிழ்ல பேரு எழுதித் தரச் சொல்லி ஒங்கிட்ட வேலை குடுத்திருக்காவளாமே. சந்தோசம். நா சொல்லுத மாதிரி செஞ்சா ரிட்டயர் ஆகுத வரைக்கும் அந்த வேலை முடியாது.

மொதல்ல, ஒரே முள்ளுக்கு எடத்துக்கு ஒரு பேரு வை. நம்ம சீவலப்பேரிக்கு வடக்க கங்கைகொண்டான்ல உடமரமும் முள்ளுமா நிக்கிற 288 எக்டேரை 2013-ல புள்ளிமான் சரணாலயம்னு அறிவிச்சாவ. அதே முள்ளு வேலிக்கு வெளிய நின்னா தாலுகாபீசுல தரிசும்பான். டேராடூன்ல இருந்து சாட்டிலைட்டுல காட்ட அளக்குதவாளுக்கு, மர நெழலு நூத்துக்குப் பத்துக்குக் கீழ போனா அது வெறும் புதரு, காட்டுக் கணக்குல ஏறாது. ஆத்தங்கரையில ஒரு எக்டேர் தென்னந்தோப்பு வச்சிருக்கவன் தோப்பு மட்டும் ஏறிரும். மான் தெரியாத்தனமா முள்ளுக்குள்ள கெடக்கு, தோப்புக்குக் குடியேறச் சொல்லணும்.

அடுத்தது, பழைய பொஸ்தகத்தைக் கண்ண மூடிக்கிட்டு மொழிபெயரு. சாம்பியன் துரை 1936-ல இந்தியா, பர்மா காட்டையெல்லாம் வகை பிரிச்சாரு. 1968-ல சேத்துங்கிறவரும் அவருமாச் சேந்து அதத் திருத்தினாவ. 16 பெரிய கூட்டம், உள்ளுக்குள்ள எரநூறு வகை போல வரும். காட்டிலாகாவுக்கு இன்னைக்கும் அதுதான் வேதம். மனுசன் மழையப் பாத்து, வெயிலப் பாத்து, எலை உதிருதா நிக்குதான்னு பாத்துப் பிரிச்சவரு. அதுல கொறை சொல்ல மாட்டேன். நம்ம உடமரமான குடைவேலத்துக்குன்னே கர்நாடிக் குடைமுள் காடுன்னு தனி வகையே வச்சாரே! நீ அதக் 'கர்நாடகக் காடு'ன்னு எழுதிப் பாரு, திருநெல்வேலி உடமரம் ராத்திரியோட ராத்திரியா பெங்களூருக்கு பஸ் ஏறிரும்.

ஆனா ஒண்ணு. கட்டை குட்டையா நிக்கிற முள்ளுப்புதருக்கு அந்தப் பொஸ்தகத்துல 'சீர்கெட்ட நெலை'ன்னு ஒரு குறி உண்டு. அத விட்டுராத, அதுலதான் காசு இருக்கு. பேருலயே கெட்டுப்போச்சுன்னு எழுதியாச்சுன்னா, சரியாக்க ஒரு திட்டம் வரும், திட்டத்துக்கு டெண்டர் வரும், டெண்டருக்கு யூகலிப்டஸ் கன்னு வரும். கவுதாரிக்கும் காட்டு மொயலுக்கும் அது கெட்டுப்போன எடம்னு யாரும் சொல்லல போல, நல்லாத்தான் குடும்பம் நடத்துது.

இல்ல மாமா, ஒழுங்காச் செய்யணும்னு ஆசையா இருக்குங்கியா? சரி, ஒன் தலையெழுத்து. பாபநாசத்துல பஸ் ஏறி மலைக்குப் போ. அடியில முள்ளு, அதுக்கு மேல கோடையில எலைய உதுக்குத காடு, ஒசர ஒசர எலை உதிராத பச்சைக்காடு. பாக்குத கண்ணு ஒண்ணுதான், கேக்குத கேள்வியும் ரெண்டுதான்: ஈரமா வறட்சியா, எலை நிக்குதா உதிருதா. எல்லாப் பேருலயும் அந்த ரெண்டுக்கும் அதே வரிசையில பதில் இருக்கட்டும். ஒரு பக்கத்துல 'வறண்ட'ன்னு எழுதினா மறுபக்கத்துல 'உலர்' வரப்படாது. புன்னைக்காயல்ல ஆறு கடல்ல சேருத எடத்துல நிக்கிற ஒரே காட்ட மாங்குரோவ், கண்டல், சதுப்புநிலக் காடு, அலையாத்தின்னு நாலு வெதமா எழுதி வச்சிருக்கான். பரிச்சையில மார்க்கு போறது எம் பேத்திக்கு. அலையாத்தின்னு ஒண்ணப் புடிச்சுக்கோ.

காப்புக்காடுன்னு ஒரு வகையா எழுதிராத. அது 1882-ம் வருசத்து மெட்ராஸ் வனச்சட்டம் போட்ட வேலி. உள்ள போனா யாரு கேஸு போடுவான்னு சொல்லும், உள்ள நிக்கிறது சோலையா முள்ளான்னு சொல்லாது.

மொத்தத்துல காடுன்னா என்னன்னு எவனாவது மடக்கினான்னா, 1996 டிசம்பர்ல கோதவர்மன் வழக்குல சுப்ரீம் கோர்ட்டு சொன்னதக் காட்டு: அகராதியில காடுன்னா எதுவோ, அதெல்லாம் காடுதான், யாரு பேருல பட்டா இருந்தாலும் சரி. நம்மூரு அகராதிய மட்டும் அவுக கண்ணுல காட்டிராதலே. இங்கன காட்டுக்குப் போயிருக்கான்னா உளுந்து பறிக்கப் போயிருக்கான்னு அர்த்தம். காடு வா வாங்குதுன்னா அது என்னப் பத்தின பேச்சு. அந்தக் காட்டுக்கு நீ அவசரப்பட்டு நம்பர் போடாண்டாம்.